உந்துப் பணிமனைக்குத் தமிழ்ப் படம் எங்கே?

கலைஞர் கருணாநிதி நகர் என்னும் முழுப்பெயரை இரண்டு ஆங்கில எழுத்துக்குள் முடக்கிக் ‘கே.கே. நகர்’ ஆக்கிக்கொண்ட சென்னைப் பகுதியில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்று உள்ளது. உந்து ஓட்டப் பழகுவோர் அதற்குரிய தேர்வில் தமிழிலேயே விடையளிக்கலாம். அதே உந்தைப் பழுது பார்க்கும் தொழிலாளியின் கையிலோ ஆங்கில மின்னிணைப்புப் படமே திணிக்கப்படுகின்றது.

பின்னிருக்கைச் சூடேற்றியையே எடுத்துக்கொள்வோம். சென்னை வெயிலில் இருக்கைக்குச் சூடு எதற்கு என நகைக்கலாம். பனிநாட்டார்க்கு அது வேண்டும். சுவீடனின் சாப் நிறுவனம் 1972-இலேயே முன்னிருக்கையில் அதைப் பொருத்தியது. கனடாவிலும் நார்வேயிலும் வாழும் ஈழத்தமிழர்க்கு இன்று அது புழங்குபொருள்.

அமைப்பு எளியது. மெத்தைக்குள் சூடேறும் தடைக்கம்பியும், வெப்பத்தை அளக்கும் உணரியும் இருக்கும். 12 வோல்ட்டு மின்கலத்திலிருந்து உருகி வழியே மின்னோட்டம் வரும். கம்பிகள் இருக்கைக்கடியில் ஓர் இணைப்பியிற் கூடும். பணிமனையார் ‘கப்ளர்’ என்பது இதனைத்தான். தடைக்கம்பிக்குச் செல்வன தடித்தவை, உணரிக்குரியன மெல்லியவை. மாற்றிக் கோத்தால் உணரி கெடும். மெத்தை கருகவும் கூடும்.

கம்பியின் நிறமும் எங்கும் ஒன்றன்று. செருமானிய வழக்கிற் பழுப்பு நிலவிணைப்பைக் குறிக்கும். படத்தில் அதற்கு எண் 31. சப்பானிய உந்துகளிற் பெரும்பாலும் கருப்பே நிலவிணைப்பு. நம் வீட்டுச் சுவரிலோ அது பச்சை!

இவற்றினும் இடர் மிக்கது மஞ்சள் இணைப்பி. மோதலின்போது விரியும் காற்றுப்பைக்குரியது அது. பின்னிருக்கையிலும் பக்கக் காற்றுப்பை அமைந்த உந்துகளிற் சூடேற்றியின் இணைப்பிக்கு அருகிலேயே அது இருக்கக்கூடும். மின்கல இணைப்பைக் கழற்றி, உந்தை ஆக்கியோர் குறித்த நேரம் காத்திராமல் அதைத் தொடலாகாது. தடையளக்கும் கருவியை அதில் வைக்கவே கூடாது. வைத்தால் பை வெடித்து விரியலாம். குனிந்திருப்பவர் முகம் என்னாகும்? உயிர்காக்கும் இவ்வெச்சரிக்கையையுமா தொழிலாளி அயன்மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும்?

இணைப்பி, உருகி, உணரி, காற்றுப்பை, நிலவிணைப்பு ஆகியவற்றில் எந்தச் சொல் நாவிற்கு நுழையாதது? அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடப் பொறியியலுக்கும் எந்திரவியலுக்குமே இடம் தந்தது. மின்னியல் வெளியே நின்றது. 2007 முதல் சிங்கப்பெருமாள் கோயிலருகே பி.எம்.டபிள்யூ உந்துகள் தமிழ் மண்ணிலேயே கோக்கப்பட்டு வருகின்றன. இங்கு ஆலையமைக்க நிலமும் நீரும் மின்சாரமும் கேட்டு வரும் நிறுவனங்களிடம், இருக்கைக்கடியில் உள்ள இணைப்பிகளுக்கேனும் தமிழிற் படமும் எச்சரிக்கையும் தருக என ஆணையிடத் தமிழ்நாட்டரசுக்கு என்ன தடை?