ஞாயிறும் திங்களும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, கண்டோன்மெண்டுப் பகுதியில் நான் செல்லும் தமிழ் ஆலயத்தில் வேதபாடம் வாசித்தேன். நன்றாக வாசித்ததாகக் குருவானவர் பாராட்டினார். மறுநாள் திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில், ஐந்து அளவீடுகளில் ஒன்று மட்டும் வரைபடக் கோட்டைவிட்டு விலகி நிற்கக் கண்டேன். அதை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டேன். கருவியில் கோளாறா? இல்லை. கோடு அழகாக வரவேண்டும் என்ற ஆசைதான்.

நண்பர்களே, கிறிஸ்தவர்களாகிய நாங்கள் விசுவாசம் என்றதும் ஆராதனை, ஜெபம், காணிக்கை என்று பேசுகிறோம். கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை. விசுவாசத்தின் உரைகல் கணக்கேடுதான் என்பது என் கருத்து.

இக்கருத்தை எனக்கு ஊட்டியவர் ஜே. சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் கணக்காய்வுத் தொழில் கற்றவர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1929-ல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். மேனாட்டு உடை போய்க் கதர் வந்தது. 1930-ல் கல்கத்தாவின் தலைமைப் பேராயர், சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு முரணானது என்றபோது, கிறிஸ்தவராகவே நின்று அவரை மறுத்து எழுதினார். பெரிய செயல்கள்தாம்; ஆயினும் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று.

1934 ஜனவரி 15-ல் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. நிவாரண நிதியின் கணக்குப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. காந்தியடிகள் தம் பரிவாரத்தோடு பாட்னாவுக்கு வந்தபோது, அவர்களுடைய உணவுச் செலவையும் மோட்டார் வண்டிச் செலவையும் நிதியில் எழுத முடியாது என்று இவர் சொல்லிவிட்டார். வீடிழந்தோருக்கென நாடு கொடுத்த பணம் அல்லவா! அடிகள் காரணம் கேட்டார், கேட்டபின் ஒப்புக்கொண்டார். தம் வாழ்வையே ஒப்படைத்த தலைவரிடம் இப்படிச் சொல்வதென்றால் எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்! பகைவனிடம் கண்டிப்பாயிருப்பது எளிது. அன்புக்குரியவரிடம்தான் பேனா வளைந்துவிடுகிறது. விடுதியில் சுற்றுலாக் கணக்கு எழுதியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

சிறையில் இருந்தபோது குமரப்பா ஆங்கிலத்தில் எழுதி, 1945-ல் வெளிவந்த நூல் ஒன்று உண்டு. தலைப்பைத் தமிழில் ‘இயேசுவின் நடைமுறையும் போதனைகளும்’ எனலாம். நடைமுறை முன்னே, போதனை பின்னே; கணக்கர் அல்லவா, வரிசை தவறுவாரா?

“நேர்மையாயிருக்கக் கிறிஸ்தவனாக இருக்க வேண்டுமா?” என்று என் அறைத்தோழர் கேட்டார். வேண்டியதே இல்லை. ஆலயமே செல்லாத அவர் தம் ஏட்டில் ஓர் எண்ணைக்கூட மாற்றியதில்லை. அதுதான் எனக்கு வெட்கம்.

ஊரில் இருந்தவரை உபதேசியாரும் பெரியம்மாவும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அஞ்சியதையே பக்தி என்று எண்ணியிருந்தேன் போலும். பெங்களூரில் என்னை யார் பார்க்கிறார்கள்? பஸ்ஸில் சில்லறை கூடுதலாக வந்தாலும், வராத நண்பனுக்கு வருகைப் பதிவில் கையொப்பமிட்டாலும் ஊருக்குச் செய்தி போகாது. இங்கேதான் என் விசுவாசத்தின் உண்மையான இருப்பு எவ்வளவு என்று தெரியவந்தது. மிகவும் குறைவு.

செவ்வாயன்று, நீக்கிய அளவீட்டை மீண்டும் ஏட்டில் எழுதி, முன்னர் நீக்கியதையும் தேதியோடு குறித்தேன். கோடு இப்போது அழகாக இல்லை. வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் காட்டியாக வேண்டும்.