மண்ணுக்குள் கிடக்கும் துப்பாக்கி



மறுநடவுக்குக் குழி வெட்டும்போது துருப்பிடித்த துப்பாக்கியோ குண்டோ தட்டுப்படுவதுண்டு. அதில் வியப்பில்லை. 1941 முதல் 1945 வரை ஜப்பானியர் காலம். 1948 முதல் 1960 வரை அவசரகாலம். ஜப்பானியரின் அரிசாக்காவும் பிரிட்டிஷாரின் லீ-என்ஃபீல்டும் நம் நாட்டுக் காடுகளிலும் தோட்டங்களிலும் நடமாடிய நாள்கள் அவை.

"பழைய சாமான்தானே, எண்ணெய் போட்டுத் துடைத்து வீட்டில் மாட்டலாம்" என்று எண்ணிவிடாதீர்கள். சில நாடுகளில் போர்க்காலத் துப்பாக்கிகளைப் பதிவு செய்து சேர்ப்பது பொழுதுபோக்கு. இங்கே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். அதன் பாகமும் ஆயுதமே. 1971ஆம் ஆண்டுச் சட்டமோ 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. "துருப்பிடித்தது, சுடாது" என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள முடியாது.

சட்டத்தைவிடக் கொடியது வெடிமருந்து. மண்ணில் எத்தனை ஆண்டு கிடந்தாலும் கையெறிகுண்டு சாதுவாகிவிடாது. அதைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட நினைப்பது உயிரையே எடைக்குப் போடுவதாகும்.

ஆகவே, கண்டால் தொடாதீர்கள். இடத்திற்கு அடையாளம் வையுங்கள். பிள்ளைகளை விலக்குங்கள். மண்டோரிடம் சொல்லிவிட்டு 999க்கு அழையுங்கள். மற்றதைப் போலீசார் பார்த்துக்கொள்வார்கள்.

பாட்டன் காலத்துத் துப்பாக்கியைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசையா? விடுமுறையில் போர்ட்டிக்சன் இராணுவ அரும்பொருளகத்திற்கு அழைத்துப் போங்கள். சரித்திரத்தை அங்கே கண்ணாரப் பார்க்கட்டும். வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் படம் தொங்கினால் போதும்!