ஆண்டு 6 மாணவனின் ஓர் எண்: பள்ளியிலிருந்து புத்ராஜெயா வரை

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்தானது. அடுத்த ஆண்டு பிடி3 தேர்வும் ரத்தானது. எஸ்.பி.எம். வரை பெரிய தேர்வு எதுவும் இல்லை என்பதால் பெற்றோர் பலர் நிம்மதியடைந்தனர். ஆனால், தேர்வு போனதே தவிர மதிப்பெண் போகவில்லை. அதைத் தருபவர் மாறிவிட்டார். முன்பு விடைத்தாளை முன்பின் தெரியாத ஒருவர் திருத்தினார். இப்போது ஆண்டு முழுவதும் பிள்ளையைப் பார்க்கும் வகுப்பாசிரியரே பிபிடி எனும் வகுப்பறை மதிப்பீட்டின்கீழ் 1 முதல் 6 வரையிலான அடைவு நிலையைத் தருகிறார். யுஏஎஸ்ஏ எனும் கல்வியாண்டு இறுதித் தேர்வின் தாளைத் திருத்துவதும் அவரே.

இந்த எண்கள் இணையம் வழியாகக் கல்வி அமைச்சின் தரவுத் தளத்துக்குச் செல்கின்றன. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் இதில் கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. அது ஆண்டு 6 மாணவரின் மலாய்மொழி அடைவு நிலை.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் நேராகப் படிவம் 1க்குச் செல்வதா, புகுமுக வகுப்பில் ஓராண்டு இருப்பதா என்பதை முன்பு யூபிஎஸ்ஆர் மலாய்மொழித் தேர்ச்சி முடிவு செய்தது. இப்போது அந்த இடத்தில் வகுப்பறை மதிப்பீடு இருக்கிறது. அடைவு நிலை 3 என்பது குறைந்தபட்சத் தேர்ச்சி. அதற்குக் கீழே போகும் பிள்ளை 13 வயதில் படிவம் 1க்குச் செல்வதற்குப் பதிலாக 14 வயதில் செல்ல நேரலாம். நண்பர்கள் எல்லாம் ஒரு வகுப்பு மேலே போய்விடுவார்கள். புகுமுக வகுப்பால் உண்மையில் பயன் பெற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால், அங்கே அனுப்பப்படும் பிள்ளை சரியான எண்ணின் பேரில் அனுப்பப்பட வேண்டும்.

அந்த எண் எப்படிப் போய்ச் சேர்கிறது?

மத்தியத் தரவுத் தளத்தில் மதிப்பெண் பதியும் வேலையில் இந்நாட்டு ஆசிரியர்களுக்குக் கசப்பான அனுபவம் உண்டு. 2011இல் ஆண்டு 1 மாணவர்களோடு பள்ளிசார் மதிப்பீடு தொடங்கியபோது, ஒவ்வொரு மாணவரும் எட்டிய தரநிலையை எஸ்பிபிபிஎஸ் எனும் இணையத் தளத்தில் ஆசிரியர்கள் பதிய வேண்டியிருந்தது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய, தளம் திணறியது. நெரிசல் குறையும் என்று நள்ளிரவுக்குப் பின் அலாரம் வைத்து எழுந்து பதிந்த ஆசிரியர்களின் கதை அக்காலத்தில் எல்லா ஆசிரியர் அறையிலும் கேட்டது. கணினியில் பதிவது போதாதென்று, ஒவ்வொரு மாணவருக்கும் சான்றுகள் அடங்கிய கோப்பும் வைக்க வேண்டும். எதிர்ப்பு வலுத்த பிறகு, 2014இல் அமைச்சு அந்தச் சுமையைக் குறைத்தது.

அப்போது பேசப்பட்டதெல்லாம் ஆசிரியர்களின் தூக்கம் கெட்டது பற்றித்தான். அந்த அவசரத்தில் பதியப்பட்ட எண்களின் கதி என்ன என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. விடியற்காலை இரண்டு மணிக்கு, பாதியில் அறுந்துபோகும் இணையத்தில், நாற்பது பெயர்களுக்கு எதிரே எண்களை நிரப்பும் ஒருவர் ஒவ்வொரு பிள்ளையையும் நினைத்துப் பார்த்துப் பதிந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? எல்லோருக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டால் கட்டம் நிரம்பிவிடும், மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து நினைவூட்டலும் வராது. எத்தனை விழுக்காடு பதிந்தாயிற்று என்பதைத் தளம் சொல்லும். எத்தனை உண்மை என்பதைச் சொல்லாது.

இன்று தளம் மேம்பட்டிருக்கிறது, ஐடிமீ என்ற ஒரே நுழைவுவழி வந்திருக்கிறது. இருந்தாலும், சிறிய பள்ளியின் நிலைமை நகரப் பள்ளியின் நிலைமை அல்ல. நாட்டிலுள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 மாணவர்களுக்கும் குறைவானவை. தோட்டம் போன பின்னும் தோட்டத்துப் பெயரோடு நிற்கும் பள்ளிகள் அவற்றில் அதிகம். ஆண்டு 6இல் எட்டே மாணவர்கள் என்றால் பதிவு வேலை எளிது என்று தோன்றும். ஆனால், அங்கே ஓர் ஆசிரியர் நான்கைந்து பாடங்களைப் போதிப்பார். பாடநூல், புறப்பாடம், விளையாட்டு எல்லாவற்றுக்கும் தனித்தனியே பதிவு கேட்கும் தளங்களும் அவர் தலையிலேயே விழும். நாளை மதியத்துக்குள் முடிக்கவும் என்ற வாட்ஸ்அப் செய்தி பள்ளி சிறியதா பெரியதா என்று பார்த்து வருவதில்லை.

சிறிய வகுப்பின் கணக்கும் வேறு. எட்டுப் பேரில் ஒருவர் தேறாவிட்டால் தேர்ச்சி விகிதம் 12.5 விழுக்காடு இறங்கும். நாற்பது பேர் வகுப்பில் அதே ஒருவரால் இறங்குவது 2.5 விழுக்காடு. பள்ளிகளை வரிசைப்படுத்தும் அட்டவணையில் முதல் பள்ளி ‘சரிந்துவிட்டது’ என்று தெரியும். அப்படித் தெரியக்கூடாது என்ற அழுத்தம் தலைமையாசிரியர் மீது விழுகிறது, அங்கிருந்து வகுப்பாசிரியர் மீது இறங்குகிறது. 2 என்று பதிய வேண்டிய இடத்தில் 3 விழுந்தால் பள்ளிக்கு நல்ல பெயர். ஆனால் அந்தப் பிள்ளை மலாய் மொழி வாசிக்கத் தடுமாறியபடியே படிவம் 1க்குள் போவான். உதவி தேவைப்படுகிறது என்ற தகவல் தரவுத் தளத்தில் இருக்காது. மறுபக்கம், ஒரு வரி தள்ளிப் பதிந்துவிட்டால் தேறிய பிள்ளை ஓராண்டை இழப்பாள். இரண்டுமே அந்த ஒரே கட்டத்தில் நடக்கும் தவறுகள்.

வராத பிள்ளையின் கட்டமும் இருக்கிறது. தேர்வன்று வராததும் தேர்வில் ஒன்றும் எழுதாததும் ஒன்றல்ல. இரண்டையும் பூஜ்யமாகச் சேர்த்துவிடும் பதிவு, நீண்டநாள் பள்ளிக்கு வராத பிள்ளையை மந்தமான பிள்ளையாக மாற்றிவிடும். தோட்டப்புறக் குடும்பங்களில் இந்த வேறுபாடு அற்பமானதல்ல.

இதற்குச் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. இணையமில்லாமல் பதிந்து, தொடர்பு கிடைத்ததும் தானே அனுப்பும் வசதி வேண்டும். ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே எண் விழுந்திருந்தால் ‘சரிபார்த்தீர்களா’ என்று தளமே கேட்க வேண்டும். பதிந்த எண்ணை யார், எப்போது மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும். வங்கியில் பத்து வெள்ளி மாறினால் இருக்கும் தடம், பிள்ளையின் ஓராண்டுக்கு ஏன் இருக்கக்கூடாது?

பெற்றோருக்குத் திறந்துவிட்டால் போதும் என்பாரும் உண்டு. அதிலும் கவனம் தேவை. சாப்ஸ் எனும் தேர்வுப் பகுப்பாய்வுத் தளத்தில் பிள்ளையின் அடையாள அட்டை எண்ணையும் பள்ளியையும் கொடுத்தாலே பெற்றோர் மதிப்பெண்ணைப் பார்க்க முடிந்தது. வசதிதான். ஆனால், அந்த எண் பள்ளிப் பாரங்களிலும் போட்டிப் பெயர்ப்பட்டியல்களிலும் உலவுவது, ரகசியம் அல்ல. 2018 ஜூனில் பாதுகாப்புக் குறைபாடு குறித்துப் புகார் எழுந்ததும் தளம் தற்காலிகமாக மூடப்பட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

ஆகவே பெற்றோர் கேட்க வேண்டியது, மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வரும் நாளும் பதிவு பூட்டப்படும் நாளும் ஒன்றாக இருக்கக்கூடாது என்பதே. இடையில் இரண்டு வாரம் போதும். மலாய்மொழி நிலை என்ன, எதன் பேரில் தரப்பட்டது என்று பிள்ளை தமிழ்ப்பள்ளியில் இருக்கும்போதே ஆசிரியரிடம் கேட்டுவிடலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இந்த அவகாசத்தைத் தலைமையாசிரியரிடம் கோருவதற்கு அமைச்சின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இடைநிலைப்பள்ளியில் பதிவு செய்யும் நாளன்று புகுமுக வகுப்புப் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், அந்த எண்ணைப் பதிந்த ஆசிரியர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருக்கலாம்.