தனியாளாத் தூக்கேலாத படகு ஆருக்கு?

படகு குடுக்கிற கூட்டமெண்டால் ரெண்டு கேள்விதான் வரும். எத்தனை அடி? என்ஜின் எத்தனை குதிரைவலு? படம் எடுக்க வாறவரும் அதைத்தான் கேப்பார், கையெழுத்து வைக்கிறவரும் அதைத்தான் கேப்பார். எத்தனை கிலோ எண்டு கேட்ட ஒருத்தரை நான் இன்னும் காணேல்லை.

வன்னியின் களப்புகளுக்கும் குளங்களுக்கும் படகு தெரிவுசெய்யும்போது முதலில் கேட்க வேண்டியது அந்த மூன்றாவது கேள்விதான். உதவிக்கு ஒருத்தரும் இல்லாத ஒரு ஆள் அதை முற்றத்தில் இருந்து எடுத்து, ஏத்தி, தண்ணியில இறக்கி, திரும்பக் கொண்டுவந்து வைக்கலாமோ? ஏலாது எண்டால் நீளத்தையும் குதிரைவலுவையும் கதைச்சு என்ன பிரயோசனம்?

வழமையாகக் கிடைப்பது 18 அடி பைபர் போட். சில நூறு கிலோ. அதுக்கு மேல என்ஜின், எண்ணெய், வலை. மணலில் ஏத்தி இறக்க நாலு பேர் வேணும். நாலு பேருக்கு எங்க போறது? போரில போனவை போக, வெளிநாட்டுக்குப் போனவை, கொழும்பில வேலைக்குப் போனவை எண்டு ஊரே மெலிஞ்சு போய்க் கிடக்கு. மிஞ்சினதில குடும்பத்தைத் தனிய இழுக்கிற பெண்கள் இருக்கினம், ஒரு காலை இழந்தவை இருக்கினம், அறுபது தாண்டியும் தொழிலை விடேலாத ஐயாமார் இருக்கினம். படகின் பாரம் இவர்கள் எல்லாரையும் ஒரு சொல்லும் பேசாமல் கரையிலேயே நிப்பாட்டி விடுகிறது. ஆர் தொழிலாளி, ஆர் இல்லை எண்டு தீர்மானிக்கிறது சங்கமும் இல்லை, திணைக்களமும் இல்லை. அந்தப் பாரம்தான்.

சங்கக் கூட்டமொன்றில் இதைச் சொன்னபோது ஒரு அண்ணை கேட்டார்: "பொம்பிளையள் தோணி விடுறதோ தங்கச்சி?" களப்புக்குள்ள இறங்கி, இடுப்பளவு தண்ணியில நிண்டு கையால தடவி இறால் பிடிக்கிற பெண்கள் வடக்கிலயும் இருக்கினம், கிழக்கிலயும் இருக்கினம். அவைக்குத் தண்ணி பயமில்லை. தூக்கக்கூடிய தோணிதான் இல்லை.

களப்பு எண்டால் ஆழ்கடல் இல்லை. நந்திக்கடலின் பல இடங்களில் நின்றால் நிலம் முட்டும். 2009ல சனம் பிள்ளையளைத் தோளில வைச்சு நடந்தே கடந்த தண்ணி அது. அப்படியான இடத்தில் என்ஜின் படகின் விசிறி சேத்தையும் சாதாளையையும்தான் கிண்டும். நாயாறு, கொக்கிளாய், சாலை எல்லாம் ஏறக்குறைய இதே கதைதான். உள்ளுக்கு வந்தால் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம். குளத்துக்கு மீன்குஞ்சு விட அதிகாரசபை இருக்கு. அந்த மீனைப் பிடிக்கப் போற ஆள் தோணியை அணைக்கட்டால எப்படி ஏத்தி இறக்கிறது எண்டு யோசிக்க ஒரு சபையும் இல்லை.

இது புதுப் பிழையும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரமெல்லாம் சின்னப் படகுகள் போட்டி போட்டுக் கொடுக்கப்பட்டன. தேவைக்கு மிஞ்சிய எண்ணிக்கை, தரமில்லாத கட்டு, தொழில் செய்யாதவருக்கும் படகு என்று அப்போதே எழுதினார்கள். எல்லாம் எழுதினவர்கள் பாரத்தைப் பற்றி எழுதினதை நான் வாசித்ததில்லை. பிறகு போர் முடிஞ்சு மீள்குடியேற்றம் வந்தது. நிறமும் இலச்சினையும் மாறி அதே படகு திரும்ப வந்தது. எங்கட பக்கத்தில ஒண்டு பனைக்குக் கீழ கவிழ்ந்து கிடக்கு. கோழி அடைக்க நல்லம்.

கயாக் எண்டால் சிரிக்கிற ஆக்கள் இருக்கினம். வெள்ளைக்காரர் கோடை விடுமுறைக்கு விடுற கலர் தோணி எண்டு நினைப்பு. கயாக் விளையாட்டுச் சாமான் இல்லை, தொழில் சாமான். ஆர்க்டிக் கரையின் இனுயிட் மக்கள் தனியாளாய் வேட்டைக்குப் போகச் செய்தது. மரச்சட்டம், மேலே தோல். விடுகிற ஆளின் உடம்பே அளவுகோல்: விரித்த கைகளின் அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளம், இடுப்போடு இரண்டு கைமுட்டி அகலம் என்று கணக்குச் சொல்வார்கள். கேள்விப்பத்திரத்தில் அடிக்கணக்கு எழுதுகிற எங்கட ஆக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதுக்கு ஆர்க்டிக் வரை போகவும் தேவையில்லை. கட்டுமரம் எங்கட சொல். உலகமே அதை எடுத்து வைச்சிருக்கு. அதின் கெட்டித்தனம் மிதக்கிறதில மட்டும் இல்லை, அவிழ்க்கிறதிலயும் இருக்கு. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு மரமாகச் சுமந்து மேட்டில் காயப் போடலாம். மொத்தப் பாரத்தை ஒரே தரத்தில் ஆரும் தூக்கத் தேவையில்லை. ஒகேனக்கல்லில் பரிசல்காரர் மூங்கில் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கிறார். தனியாள் படகு எங்கட மரபுக்குப் புறம்பானது எண்டு சொல்லுறவை அந்த மரபையே மறந்து போச்சினம்.

சரி, எத்தனை கிலோ? "ஒரு சீமெந்துப் பை 50 கிலோ, அதையே தூக்கிறமே" எண்டு ஒரு நியாயம் வரும். சீமெந்துப் பையை நெஞ்சோடு அணைக்கலாம். பத்தடித் தோணியை அணைக்கேலாது. சோழகம் அடிக்கிற மத்தியானத்தில் அது பாய் மாதிரிக் காற்றைப் பிடிச்சு உங்களையும் சேர்த்துச் சுத்தும். அமெரிக்க தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமொன்று 1991ல் திருத்திய கணக்கின்படி, எல்லாம் வாய்ப்பாக இருக்கும்போதுகூட ஒருவர் தூக்கப் பரிந்துரைக்கிற உச்சம் 23 கிலோ. ஆகவே வெறும் படகு இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் நிற்கவேண்டும் என்பேன். சாதாரண பத்தடி பிளாஸ்ரிக் கயாக்குகள் பல இந்த அளவுக்குள் இருக்கின்றன. மீன்பிடிக்கெண்டே விற்கிற, கதிரையும் மிதியும் பூட்டினவை நாற்பதைத் தாண்டும். பேர்தான் மீன்பிடி, தனியாளுக்கு அது பொறி. விற்கிறவர் சொல்வது வெறும் படகின் பாரம் என்பதையும் மறக்கக்கூடாது. துடுப்பு, ஈர வலை, மீன் எல்லாம் பிறகு ஏறும்.

காற்றடிச்சு ஊதுற படகு இன்னும் பாரம் குறைவு. சுருட்டி சைக்கிள் கரியரில கட்டலாம். ஆனால் கண்டல் வேரும் சிப்பி ஓடும் கிடக்கிற களப்பில அதை நம்பி நான் இறங்கமாட்டன். பிளாஸ்ரிக் கயாக் அடிபட்டாலும் தாங்கும், ஆனால் வெடிச்சால் பைபர் பசை அதில பிடிக்காது. பைபர் ஒட்டத் தெரிஞ்ச ஒருத்தர் எங்கட கரையில ஊருக்கு ஊர் இருக்கினம். பிளாஸ்ரிக்கை உருக்கி ஒட்டத் தெரிஞ்சவரை எங்க தேடுறது? நிழலில்லாமல் வருசக்கணக்கா வெயில் குடிச்சாலும் அது நொறுங்கத் தொடங்கும்.

ஏத்துற விதத்தைப் பற்றியும் சொல்லவேணும், ஏனென்றால் வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் கார்க்கூரைதான். எங்களிட்ட இருக்கிறது சைக்கிள், மோட்டார்சைக்கிள், லான்ட்மாஸ்ரர். இது எங்களுக்குக் குறையில்லை, வாய்ப்பு. லான்ட்மாஸ்ரர் பெட்டி தாழ்வு. முதலில் முன்முனையை மட்டும் தூக்கி விளிம்பில் வையுங்கோ, பிறகு பின்னால போய் மற்ற முனையைத் தூக்கித் தள்ளுங்கோ. எந்த நேரத்திலும் பாதிப் பாரம்தான் கையில் இருக்கும். சைக்கிளுக்குப் பின்னால் இழுக்க ரெண்டு சில்லு வண்டில் போதும், ஆனால் சில்லு அகலமாக இருக்கவேணும். ஒடுங்கின சில்லு மணலில புதையும்.

பாரமில்லாத படகு கவிழும் என்பது அடுத்த பயம். படகு நிலையாக நிற்பதில் அகலத்துக்கும் அடிவடிவத்துக்கும் ஆள் இருக்கிற உயரத்துக்கும் பெரிய பங்கு இருக்கு. பாரத்தை மட்டும் பாத்துச் சொல்லேலாது. அகலமான, அடி தட்டையான, ரெண்டு முனையிலும் மிதப்பு அடைச்ச சின்னத் தோணி களப்புக்குப் போதும். முல்லைத்தீவுக் கடல் அலைக்குள் இதைக் கொண்டுபோகச் சொல்லவில்லை. அங்கே பைபர் போட்தான் வேணும், அதை ஆரும் மறுக்கேல்லை. வாடைக்காற்று மூசிற நாளில களப்பிலயும் இறங்கப்படாது. மிதப்பு அங்கி இல்லாமல் எந்த நாளும் இறங்கப்படாது. குளத்தில முதலை இருக்கிறதையும் சொல்லிப்போட்டன், பிறகு என்னைப் பேசாதேங்கோ.

என்னை அவசரப்படுத்துகிற காரணம் வேறு. நந்திக்கடலும் நாயாறும் 2017ல் இயற்கை ஒதுக்கிடங்களாக வர்த்தமானியில் வந்துவிட்டன. ஒதுக்கிடம் எண்டால் பின்னால உல்லாசப் பயணியும் வருவார், அவருக்கு வாடகைக் கயாக்கும் வரும். அப்ப களப்பில பாரமில்லாத தோணி விடுறது உல்லாசப் பயணியும், கரையில நிண்டு அதைத் தள்ளி விடுறது எங்கட பெடியளும் எண்டு ஆகப்போகுதோ? இந்தத் தோணியில் முதல் இருக்க வேண்டியது தொழில் செய்கிறவர்.

இறக்குமதி செய்யத்தான் வேணுமெண்டும் இல்லை. 1963ல் பிரித்தானியாவில் ஒரு நாளிதழ் தன் பெயரிலேயே மிரர் என்றொரு சின்னப் படகை அறிமுகப்படுத்தியது. ஒட்டுப்பலகையில் துளை போட்டு, செப்புக் கம்பியால் தைத்து, பொருத்துகளில் பைபர் நாடா ஒட்டி, வீட்டுக் கொட்டிலில் ஆரும் கட்டலாம். பாய்ப்படகாக இருந்தும் உடல் ஏறக்குறைய 45 கிலோதான். 70,000க்கு மேல் கட்டினார்கள். அதே முறையில் கயாக் கட்டினால் 20 கிலோ சொச்சத்தில் முடிக்கலாம். தைச்ச படகு கோரமண்டல் கரைக்குப் புதுசோ? மசூலாப் படகைக் கயிற்றால் தைத்தவர்கள் எங்கட ஆக்கள். 1960களின் கடைசியில் நோர்வே உதவியோடு காரைநகரில் சீ-நோர் தொடங்கியபோது பைபர் படகு கட்டுவது எங்கட பெடியளின் கைத்தொழிலானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016ல் இருந்து இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கு. அங்கே ஒரு தவணையில் ஒரு வகுப்பு நாலு தோணி தைச்சுப் பாக்கலாம்.

அடுத்த முறை படகு வழங்கல் எண்டு விளம்பரம் வந்தால், கேள்விப்பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிச் சங்கங்கள் கேக்கவேணும். படகைத் தெரிவுக்குழு பார்க்கிற அண்டைக்கு, அதைப் பாவிக்கப்போற அக்காவோ ஐயாவோ தனிய வரட்டும். குழுவின் முன்னால் வண்டிலில் ஏத்தி, தண்ணியில இறக்கி, ஒரு சுத்துச் சுத்தி, திரும்ப ஏத்திக் காட்டட்டும். ஒருத்தரும் கைகுடுக்கப்படாது. பிறகு கையெழுத்து வையுங்கோ.