நிரம்பியிருப்பது தொட்டியா, தரையா?

ஆகஸ்ட் 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறியதும் நம் தொழில்காரர்களின் செல்போனும் சூடேறிவிடும். செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள் வரை ஓயாது. "டாய்லெட் அடைச்சுக்கிச்சு, ஜனம் வந்து இறங்கிட்டாங்க, உடனே வாங்க." ஐப்பசி மழை பிடித்த பிறகு அதே தெருக்களிலிருந்து அதே வாசகம் மறுபடி வரும். திருவிழாவில் வருவதும் மழையில் வருவதும் கேட்பதற்கு ஒன்றுபோல இருக்கும். உள்ளே நடப்பது வேறு. இரண்டுக்கும் ஸ்பிரிங்கை விட்டுக் குத்திவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு வருகிற பழக்கத்தைப் பற்றித்தான் இந்த இதழில் பேச வேண்டியிருக்கிறது.

திருவிழா அடைப்பு பெரும்பாலும் நிஜமான அடைப்பு. பேராலயத்தைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் ஒரு குடும்பத்துக்கு, ஒரு கழிவறைக்கு என்று கட்டப்பட்டவை. இன்று தடுப்புச் சுவர் எழுப்பி ஐந்து அறை, ஆறு அறை என்று வாடகைக்கு விடுகிறார்கள். அறைக்கு ஒரு கழிவறை வந்துவிட்டது. வெளியே போகிற குழாய் மட்டும் அன்று போட்ட அதே 4 அங்குல ஸ்டோன்வேர். கடலில் குளித்துவிட்டு வருகிறவர்கள் காலோடு மணலைக் கொண்டுவருகிறார்கள். மொட்டை போட்டு வந்த பிள்ளையை அறையில் குளிப்பாட்டினால் மிச்சமிருக்கும் முடி இறங்குகிறது. தண்ணீர் தேங்குகிறதே என்று யாரோ நஹானி டிராப்பின் ஜல்லடையைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுகிறார். ஸ்பிரிங்கை இழுத்தால் முடியும் மணலும் ஷாம்பு பாக்கெட்டும் முறுக்கிக்கொண்டு மணிக்கட்டுக் கனத்துக்குத் திரியாக வரும். சோப்புப் பிசுக்கு அதற்குப் பசை. அந்தத் திரியை எடுத்தால் தண்ணீர் ஓடும். நாமும் நல்ல பெயர் வாங்கலாம். வாசலில் ஒரு கால் கழுவும் குழாயும், அதன் கீழே மணல் படிய ஒரு சின்னச் சேம்பரும் கட்டச் சொன்னால் அடுத்த வருடம் பாதி அழைப்பு குறையும். குறைந்தால் என்ன, வேறு வேலை இல்லாமலா போய்விடும்!

மழைக்கால அழைப்புதான் சிக்கல். வேளாங்கண்ணி மணல் திட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். தெற்கே வெள்ளையாறு கடலில் கலக்கிறது. மேற்கே கடைமடை வயல்கள். ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. கோடையில் பத்தடியில் கிடந்த கிணற்றுத் தண்ணீர் கார்த்திகையில் கைக்கு எட்டும். வயலை ஒட்டிய தெருக்களில் மழைகூட வேண்டாம். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சம்பாவுக்கு வயல் நிரம்பினாலே கொல்லை ஊறிவிடும். அப்போது செப்டிக் டேங்கின் அவுட்லெட் தண்ணீருக்குள் மூழ்குகிறது. உறிஞ்சு குழி உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊற்றெடுக்கிறது. தொட்டிக்குள் தண்ணீர் பின்வாங்கி வருகிறது, அங்கிருந்து சேம்பருக்கு, சேம்பரிலிருந்து தாழ்வாகக் கட்டிய கழிவறையின் கோப்பைக்கு. குழாயில் துளி அடைப்பு கிடையாது.

இதைக் கண்டுபிடிக்க கேமரா எதுவும் தேவையில்லை. சேம்பர் மூடிகளைத் திறந்து பாருங்கள். வீட்டை ஒட்டிய சேம்பர் தளும்பி, தொட்டியை ஒட்டியது காய்ந்து கிடந்தால் அடைப்பு நடுவில் இருக்கிறது; ஸ்பிரிங் விடலாம். இரண்டும் ஒரே மட்டத்தில் தளும்பினால் ஸ்பிரிங்கை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கொல்லைக் கிணற்றை எட்டிப் பாருங்கள். கொத்தனாரிடம் லெவல் டியூப் இருக்கும். ஒரு முனையைச் சேம்பர் பக்கமும் மறு முனையைக் கிணற்றுப் பக்கமும் பிடித்து, அங்கங்கே தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கிணற்றுத் தண்ணீர் அவுட்லெட்டைத் தொட்டுவிட்டதென்றால் தரைதான் நிரம்பியிருக்கிறது. கிணறு இரண்டு முழம் கீழே இருந்தும் சேம்பர் தளும்பினால் தொட்டியில் கசடு மிஞ்சிவிட்டது, அல்லது உறிஞ்சு குழி செத்துவிட்டது. சந்தேகம் தீரவில்லையா? விடியற்காலையில், வீட்டில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் சேம்பருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் நூலாக ஓடிவந்தால் பழைய ஸ்டோன்வேர் இணைப்புகளில் சிமென்ட் விட்டுப்போய், தென்னை வேர் புகுந்து, நிலத்தடி நீர் உள்ளே வருகிறது என்று பொருள்.

இப்படித் தரை நிரம்பிய நேரத்தில் லாரியை வரவழைத்துத் தொட்டியைக் காலி செய்வதைப் போல வீண் செலவு வேறில்லை. மறுநாள் காலை தொட்டி பழையபடி நிற்கும். செலவோடு போனால் பரவாயில்லை, ஆபத்தும் இருக்கிறது. 2,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது காலியானால் அதன்மேல் கிட்டத்தட்ட 2 டன் தூக்குவிசை. தொட்டியின் சொந்த எடையோ சில பத்துக் கிலோதான். மேலே மண்கனமும் கீழே நங்கூரமும் இல்லையென்றால் அது எழும்பி, இன்லெட் குழாயை முறித்துக்கொண்டு நிற்கும். செங்கல் தொட்டி மிதக்காது, ஆனால் அடித்தளம் வெடிக்கும். உறை இறக்கிய தொட்டியில் உறைக்கு உறை விலகும். கார்த்திகையில் லாரி கேட்கிற வீட்டுக்காரரிடம், கசடை மட்டும் பாதி எடுக்கலாம், முழுக்க உறிஞ்சவேண்டாம் என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

அடிப்படைத் தவறு கட்டும்போதே நடந்தது. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470இன் இரண்டாம் பாகம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. நிலத்தடி நீர் 180 சென்டிமீட்டருக்குள், அதாவது ஆறடிக்குள் இருந்தால், மணல் பூமியில் கழிவுநீரைத் தரைக்கு மேல் மேடு கட்டி அதில் பரவவிட வேண்டும். களிமண்ணில் அப்ஃப்ளோ ஃபில்டர் போன்ற வடிகட்டி வைக்க வேண்டும். குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. கடற்கரையில் ஒரு மனையின் நீளமே அவ்வளவு இருக்காது. ஆறடிக்குள் தண்ணீர் வரும் ஊரில் எட்டடி உறிஞ்சு குழி வெட்டிக் கொடுத்ததில் கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் அனுமதி கொடுத்தவருக்கும் பங்கு உண்டு.

சுனாமி குடியிருப்புகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, 6,000க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நாகை மாவட்டத்தில் அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கான வீடுகளை எழுப்பின. கூரை அவசரமாகத் தேவைப்பட்ட நேரம். தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்க முடியாதது புரிகிறது. அந்த வீடுகளுக்கு இன்று இருபது வயதை ஒட்டிவிட்டது. குடும்பம் பெருகி, பின்னால் ஒரு அறை இழுத்து, தொட்டி மூடியின் மேலேயே டைல்ஸ் ஒட்டிச் சமையல் செய்கிற வீடுகள் உண்டு. மூடி எங்கே என்று கேட்டால் வீட்டுக்காரர் அடுப்புக்குக் கீழே கைகாட்டுவார். அந்த மூடிப் பலகைகளை நம்பாதீர்கள். கீழே தொட்டி வாயு காரையை அரிக்கிறது, உப்புக் காற்று கம்பியைத் தின்கிறது. ஏறி நிற்பதற்கு முன் கடப்பாரையின் பின்முனையால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் ஓரமாக நில்லுங்கள்.

அதே காலத்தில் வேறு மாதிரி யோசித்தவர்களும் இருந்தார்கள். வேளாங்கண்ணிக்குத் தெற்கே காமேஸ்வரத்தில், சிறுநீரையும் மலத்தையும் பிரித்துத் தரைக்கு மேலேயே தேக்கும் சூழல் கழிவறைகள் கட்டப்பட்டன. முசிறியில் இதே முறையைக் கொண்டுவந்த ஸ்கோப் அமைப்பின் மராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எல்லா வீட்டுக்கும் அது ஒத்துவராது. தங்கும் விடுதிக்கு நிச்சயம் ஒத்துவராது. தண்ணீர் உயர்ந்து வரும் பூமியில் குழி தோண்டக்கூடாது என்ற யோசனை மட்டும் எல்லோருக்கும் பொருந்தும். அமெரிக்காவில் மயாமி-டேட் மாவட்ட நிர்வாகமும் 2018இல் இதே கவலையோடு ஓர் அறிக்கை வெளியிட்டது. அங்குள்ள செப்டிக் தொட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை மழை மிகுந்த காலங்களில் ஒழுங்காக வேலை செய்யாது என்றது அது. பணக்கார ஊருக்கும் கடல் அதே கடல்தான்.

பழைய வீட்டில் செய்யக்கூடியது என்ன? கழிவறைத் தளத்தை ஒன்றரை அடி உயர்த்துவதுதான் முதல் வேலை. அவுட்லெட்டில் பின்னோட்டத்தைத் தடுக்கும் ஃப்ளாப் வால்வு வைக்கலாம். ஆனால் அது மூடியிருக்கும்வரை வீட்டுக் கழிவுநீரும் வெளியேறாது என்பதைச் சொல்லிவிட்டு வையுங்கள். உறிஞ்சு குழியைக் கைவிட்டு, கொல்லையில் மேடு கட்டி, ஜல்லி பரப்பி, கல்வாழை வைத்துப் பரவவிடலாம். ஸ்டோன்வேரை எடுத்துவிட்டு எஸ்.டபிள்யூ.ஆர். குழாய் போடும்போது 57 அடிக்கு ஓரடியாவது வாட்டம் கொடுங்கள், மணலை நன்றாகத் திமிசு போடுங்கள். மணலில் தொய்ந்த குழாய் எந்தப் பிராண்டாக இருந்தாலும் அடைக்கும். இதற்கெல்லாம் ஏற்ற காலம் சித்திரை முதல் ஆடி வரைதான். தண்ணீர் கீழே இருக்கும், கொடியேற்றத்துக்கும் நாள் இருக்கும். கசடு எடுக்கும் லாரிக்கும் அதுதான் பருவம்.

எந்தப் பருவமானாலும் ஒரு விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. தொட்டிக்குள் ஆள் இறங்கக்கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கியவருக்கு முதல் முறையே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 2014இல் 10 லட்சம் என்று நிர்ணயித்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. தொலைந்துபோன வாளியை எடுக்கக்கூட வேண்டாம். உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து போன வீடுகள் தமிழ்நாட்டில் அநேகம். உதவிக்கு 14420 எண் இருக்கிறது.

கடைசியாகக் காசு விஷயம். குத்தினால் கூலி உண்டு, "இது அடைப்பு இல்லை" என்று சொன்னால் டீக்காசுகூடக் கிடையாது. இப்படி இருக்கும்வரை நம்மில் யாரும் உண்மையைச் சொல்லப்போவதில்லை. பார்வைக் கட்டணம் என்று ஒன்றை ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் கூடிப் பேசி நிர்ணயிக்க வேண்டும். வீட்டுக்காரர் "சும்மா பார்த்ததுக்கு என்னங்க காசு" என்று முணுமுணுப்பார். அவர் கையில் ஒரு தாளைக் கொடுங்கள்: சேம்பர்கள் எங்கே, தொட்டி மூடி எங்கே, குழாய் எந்தப் பக்கம் போகிறது, அன்றைக்குக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில், என்ன தேதி. அதன் நகல் ஒன்றைக் கரண்ட் மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவிட்டு வாருங்கள். அடுத்த மழையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யார் வந்தாலும் டைல்ஸை உடைக்காமல் மூடியைத் திறக்கலாம்.