கண்டி வீதியில் ஓர் அம்பலம்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்வோர் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஒரு பழைய அம்பலத்தைக் கடந்து செல்கின்றனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அந்தக் கட்டடத்தின் முன்னே வாகனத்தை நிறுத்துவோர் சிலரே.

அம்பலம் என்பது வழிப்போக்கருக்கான மண்டபம். தூண்கள், மேலே கூரை, அமர்வதற்குத் திண்ணை, பெரும்பாலும் அவ்வளவுதான். கட்டணம் கிடையாது. வணிகரும் யாத்திரிகரும் கண்டிக்கு நடந்து செல்கையில் இத்தகைய அம்பலங்களில் இளைப்பாறினர். சிங்களத்தில் ‘அம்பலம’ எனப்படும் இச்சொல் நமக்கு அந்நியமானதன்று. பருத்தித்துறைத் தெருமூடி மடத்தை அறிந்தவர்களுக்கு அதன் நோக்கமும் புதிதன்று.

ஆங்கிலேயர் காலத்தில் நிலைமை மாறியது. எட்வர்ட் பார்ன்ஸ் கண்டி வீதியை அமைப்பித்தார். அப்பணியை நடத்திய கப்டன் டோசன் 1829இல் மறைந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவவில் இன்றும் நிற்கிறது. புதிய வீதிகளை அடுத்து வாடிவீடுகள் தோன்றின. அங்கே கட்டிலும் உணவும் கிடைத்தன. கட்டணமும் உண்டு, கடமையில் செல்லும் அதிகாரிகளுக்கு முன்னுரிமையும் உண்டு.

அதே காலத்தில் வேறொரு கூட்டமும் மலைநாட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தது. 1820களில் கண்டிப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தோன்றியதைத் தொடர்ந்து, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கோபுரம் எதுவும் எழவில்லை. அந்த வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் மீண்டும் நடந்தனர்.

இன்று கண்டியின் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பீக்கோ’ நடைவழியில் உலகெங்குமிருந்து பயணிகள் நடக்கின்றனர். மலைநாட்டின் பழைய துரைமார் பங்களாக்கள் பல விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. இதில் தவறேதுமில்லை. தோட்டப் பாதைகளுக்கு மதிப்பு ஏற்படுவது நல்லதே.

ஆனால், பழமையை விலையாக்கும் விடுதி அந்தப் பழமையை முழுமையாகச் சொல்ல வேண்டும். பங்களாவைக் கட்டிய துரையின் பெயரோடு, அங்கே காடழித்துப் பாதை வெட்டியவர்கள் எவ்வழியே வந்தனர், எத்தகைய லயத்தில் வாழ்ந்தனர் என்பதும் மூன்று மொழிகளிலும் அச்சுவரில் எழுதப்பட வேண்டும். மன்னார் - மாத்தளைப் பாதையில் அவர்கள் தங்கிய இடங்களைத் தொல்லியல் திணைக்களம் பதிவுசெய்ய வேண்டும். பயணிகள் விரும்பிக் கேட்கக்கூடிய வரலாறுதான் அது. சொல்வதற்கு விடுதிக்காரர்கள் முன்வர வேண்டும்.