நாட்டுப்பற்றுக்கு மதச் சான்று கேட்காதீர்கள்

ஒருவர் எந்தக் கடவுளை வணங்குகிறார், அல்லது எதையும் வணங்காமல் இருக்கிறார் என்பதை வைத்து அவர் இந்த நாட்டுக்கு உண்மையானவரா என்று முடிவு செய்யக் கூடாது. ஒரு மதத்தின் பெயரைச் சொல்லி ஒருவன் கொலை செய்தால், அதே மதத்தில் பிறந்த மற்றவர்களைக் கூண்டில் ஏற்றக் கூடாது. அமெரிக்கத் தமிழர்களாகிய எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான். குடியரசுக் கட்சிக்காரர் மீறினாலும் ஜனநாயகக் கட்சிக்காரர் மீறினாலும், எங்கள் உறுப்பினரே மீறினாலும் வெளிப்படையாக எதிர்ப்போம்.

எங்களில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், கடவுள் மறுப்பாளர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவர்களும் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். பலர் என்-400 படிவத்தை நிரப்பி, நேர்காணல் முடித்து, கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்துக் குடியுரிமை பெற்றவர்கள். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததுண்டா, தீவிரவாத அமைப்புடன் தொடர்பு உண்டா என்றெல்லாம் அந்தப் படிவம் கேட்கிறது. என்ன மதம் என்று கேட்பதில்லை. வேறு எந்த அரசுக்கும் கட்டுப்பட்டவர் அல்ல என்று உறுதிமொழியில் சொல்கிறோம். அதன் முடிவில் கடவுளை அழைக்கும் சொற்களை விரும்பாதவர் விட்டுவிடலாம். குடியுரிமை வாசலில் அரசு கேட்காத கேள்வியைத்தான் பிறகு தேர்தல் மேடையிலும் தொலைக்காட்சியிலும் எங்களிடம் கேட்கிறார்கள்.

1787ல் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் ஆறாவது பிரிவு, கூட்டாட்சி அரசின் எந்தப் பதவிக்கும் மதத் தகுதி வைக்கக் கூடாது என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. ஆனாலும் மேரிலாந்தில் கடவுள் நம்பிக்கையை அறிவிக்காத ஒருவருக்கு நோட்டரி பப்ளிக் வேலைகூட மறுக்கப்பட்டது. அது செல்லாது என்று 1961ல்தான் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் மாநில அரசமைப்பில், பதவிக்கு வருபவர் ஒரு மேலான சக்தியை ஏற்க வேண்டும் என்னும் வாசகம் செயலற்றதாக இன்றும் கிடக்கிறது.

ஐயத்துக்கு ஆளாகும் சமூகம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஐயத்தின் வடிவம் மாறவில்லை. 1844ல் ஃபிலடெல்ஃபியாவில் கத்தோலிக்கத் தேவாலயங்கள் கொளுத்தப்பட்டன. 1928ல் ஆல் ஸ்மித் அதிபர் தேர்தலில் நின்றபோது, போப்பாண்டவர் சொல்படிதான் ஆட்சி நடக்கும் என்று பயமுறுத்தினார்கள். 1960 செப்டம்பரில் ஜான் கென்னடி ஹூஸ்டனில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் முன் நின்று, தன் திருச்சபை தன் பதவியில் தலையிடாது என்று விளக்கம் தர வேண்டியிருந்தது. இன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரில் ஆறு பேர் கத்தோலிக்கர்கள். அவர்களின் தீர்ப்புகளைப் பற்றிக் கடுமையாகச் சண்டை போடுகிறோம், போட வேண்டியதும்தான். அவர்கள் ரோமுக்கு விசுவாசமானவர்கள் என்று பொறுப்புள்ள யாரும் சொல்வதில்லை.

விசுவாசத்தைச் சோதிப்பதால் என்ன நேரும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று உண்டு. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த குழந்தைகள் பள்ளியில் கொடிக்கு வணக்கம் சொல்ல மறுத்தார்கள். அது சிலை வணக்கத்துக்குச் சமம் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களைப் பள்ளியை விட்டு நீக்கலாம் என்று 1940ல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த சூட்டோடு அந்தச் சபையினர் பல ஊர்களில் அடிபட்டார்கள். மெயின் மாநிலத்தில் அவர்களது கூட்ட அரங்கு எரிக்கப்பட்டது. மூன்றே ஆண்டில், உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943 ஜூன் 14 அன்று, நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றியது. அன்று கொடி நாள். போர் நடக்கும்போதே, பிள்ளைகளின் வாயிலிருந்து பற்றை வலுக்கட்டாயமாக வரவழைக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று சொன்ன அந்தத் தீர்ப்பை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்.

அதே ஆண்டில் முகாம்களில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் ஆணையால் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, வயலை விட்டு முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மூன்றில் இரு பங்கினர் இங்கேயே பிறந்த குடிமக்கள். பௌத்தத் துறவிகள் முதலில் கைதானவர்களில் அடக்கம். 1943ல் முகாமில் இருந்தவர்களிடம் ஒரு படிவம் தரப்பட்டது. அதன் 28ஆம் கேள்வி, அமெரிக்காவுக்கு முழு விசுவாசம் காட்டி, ஜப்பானியப் பேரரசருக்கான பற்றைத் துறக்கத் தயாரா என்று கேட்டது. ஜப்பானில் பிறந்த முதியவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டமே இடம் தரவில்லை. ஆம் என்றால் நாடற்றவர்கள் ஆவார்கள். கலிபோர்னியாவில் பிறந்த இளைஞர் ஆம் என்றால், இதுவரை பேரரசருக்குப் பற்று வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டது போலாகும். இல்லை என்றவர்கள் துரோகிகள் எனப்பட்டு டூலி லேக் முகாமில் அடைக்கப்பட்டார்கள். எப்படிப் பதில் சொன்னாலும் குற்றவாளியாக்கும் கேள்வி அது. 1988ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள்.

கேள்வியின் சொற்கள் மாறியிருக்கின்றன. அதைக் கேட்கும் பழக்கம் விடவில்லை. 2019ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி இறுதியில், பிரதிநிதிகள் சபையின் முஸ்லிம் உறுப்பினர் இல்ஹான் ஒமார் இஸ்ரேல் ஆதரவாளர்களைப் பற்றிப் பேசும்போது அயல்நாட்டுப் பற்று என்று சொன்னது, யூதர்கள் மீது நெடுங்காலமாகச் சுமத்தப்படும் இரட்டை விசுவாசப் பழியை நினைவூட்டியது. யூத வெறுப்பையும் முஸ்லிம் வெறுப்பையும் கண்டித்து மார்ச்சில் அவையில் 407க்கு 23 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. ஜூலையில் அதே ஒமாரையும் வேறு மூன்று பெண் உறுப்பினர்களையும், வந்த இடத்துக்கே திரும்பிப் போகச் சொன்னார் அதிபர் டிரம்ப். அந்த நால்வரில் மூவர் இந்த மண்ணில் பிறந்தவர்கள். சில நாளில் டிரம்பின் வட கரோலினா கூட்டத்தில் ஒமாரைக் குறித்து, அவரைத் திருப்பி அனுப்பு என்று கோஷம் எழுந்தது. ஆகஸ்டில், ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் யூதர்கள் பெரும் விசுவாசமின்மையைக் காட்டுகிறார்கள் என்றார் அதே அதிபர். ஆறு மாதத்துக்குள் ஒரே பழி இடமிருந்தும் வலமிருந்தும் யூதர் மீதும் முஸ்லிம் மீதும் விழுந்தது. இவற்றில் எது தன் கட்சிக்கு வசதியோ அதை மன்னித்து மற்றதை மட்டும் கண்டிப்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. இஸ்ரேல் கொள்கையை எவ்வளவு வேண்டுமானாலும் எதிர்க்கலாம், ஆதரிக்கலாம். ஒமாரின் வாக்குகளை அவைக் குறிப்புகளோடு வரிக்கு வரி விமர்சிக்கலாம். யாருடைய நாடு இது என்று கேட்கும் உரிமை மட்டும் எவருக்கும் இல்லை.

தீவிரவாதத்தைப் பற்றிப் பேசும்போது, அதற்கும் மதத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லி நழுவ நாங்கள் விரும்பவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்தியவர்கள் மதத்தின் பெயரால்தான் அதைச் செய்தார்கள். 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தைச் சூழ்ந்த கூட்டத்தில் சிலுவையும் ஜீசஸ் 2020 என்று எழுதிய கொடியும் இருந்தன. உள்ளே புகுந்தவர்கள் செனட் அவையில் நின்று ஜெபம் செய்தார்கள். மத நூலும் மதப் பேச்சும் வன்முறைக்கு எப்படிப் பயன்படுகின்றன என்று ஆராய வேண்டும், விவாதிக்க வேண்டும். அந்தந்த மதத்தின் உள்ளேயிருந்து அதை எதிர்ப்பவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். எங்கள் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. 1995ல் ஓக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்ற திமோதி மெக்வே முன்னாள் ராணுவ வீரர். முதல் நாள் சந்தேகம் மத்திய கிழக்கு நாட்டவர் மீது பாய்ந்தது. உண்மை தெரிந்த பிறகு, அவரைப் போன்ற வெள்ளைக்காரக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்கள் யாரும் தாங்கள் நல்லவர்கள் என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. அது சரியான நடத்தை. 2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் ஒரு முஸ்லிம் தம்பதியால் 14 பேர் கொல்லப்பட்ட சில நாளிலேயே, முஸ்லிம்கள் எவரும் நாட்டுக்குள் வரக் கூடாது என்று ஓர் அதிபர் வேட்பாளர் அறிக்கை விட்டார். மெக்வே விஷயத்தில் காட்டிய நியாயம் அங்கே எங்கே போனது?

பேச்சுக்கும் செயலுக்கும் நடுவில் கோடு எங்கே என்பதில் 1969ஆம் ஆண்டின் பிராண்டன்பர்க் தீர்ப்பை ஏற்கிறோம். கூ க்ளக்ஸ் கிளான் தலைவர் ஒருவரின் வழக்கு அது. உடனடியான சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது நடக்கும் வாய்ப்பும் இருந்தாலொழியப் பேச்சைத் தண்டிக்க முடியாது என்றது நீதிமன்றம். எங்களை வெறுப்பவரின் பேச்சையும் அது காக்கிறது. தெரிந்தே ஏற்கிறோம்.

இந்தக் கோடு தமிழருக்கு வெறும் பாடநூல் செய்தி அல்ல. அமெரிக்க வெளியுறவுத் துறை 1997ல் விடுதலைப் புலிகளைத் தீவிரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அந்த இயக்கத்தைப் பற்றி எங்கள் உறுப்பினர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. இந்த அறிக்கை அதைத் தீர்க்கவும் முயலவில்லை. வன்முறைக்குத் துணை போகாமல், ஐ.நா.வில் முறையிடுவது எப்படி, சுனாமி நிவாரணம் கோருவது எப்படி என்று பட்டியலில் உள்ள அமைப்புகளுக்குச் சொல்லித் தந்தால் அதுவும் குற்றமா என்று கேட்டு இங்குள்ள தமிழர்கள் சிலரும் மனித உரிமை அமைப்பினரும் வழக்குத் தொடுத்தார்கள். குற்றம்தான் என்று 2010ல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே போர் முடிந்துவிட்டிருந்தது. அமைதி வழியைக் கற்றுத் தருவதையே குற்றமாக்கும் சட்டம் தீவிரவாதத்தைக் குறைக்காது. சொந்த ஊர் மக்களுக்கு உதவ நினைப்பவரை அச்சத்தில் வைத்திருக்கும். நீதிபதி பிரேயர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பின் பக்கமே நாங்கள் நிற்கிறோம். சட்டத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும்.

அடுத்தவருக்குச் சொன்னதை எங்களுக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும். 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவின் மேசா நகரில், கேஸ் ஸ்டேஷன் நடத்திய சீக்கியர் ஒருவரை, தலைப்பாகையைப் பார்த்து முஸ்லிம் என நினைத்து ஒருவன் சுட்டுக் கொன்றான். அப்போது நம்மவர் பலர், நாங்கள் முஸ்லிம்கள் அல்ல என்று விளக்கித் தப்பிக்கப் பார்த்தார்கள். அந்த விளக்கத்துக்குள், முஸ்லிமாக இருந்தால் சுடலாம் என்ற ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. எங்கள் பெயரில் இனி அப்படி ஒரு வாக்கியம் வராது. டெக்சாஸின் சுகர் லேண்டில் 2024ல் அஷ்டலட்சுமி கோயிலில் 90 அடி அனுமன் சிலை எழுந்தது. மறு ஆண்டு, செனட் பதவிக்குப் போட்டியிட முனைந்த ஒருவர் அது பொய்த் தெய்வத்தின் சிலை என்றும் இது கிறிஸ்தவ நாடு என்றும் எழுதினார். அதைக் கண்டித்த அதே வாய், 2022 ஆகஸ்டில் நியூ ஜெர்சியின் எடிசனில் இந்தியச் சுதந்திர தின ஊர்வலத்தில் புல்டோசர் வந்ததையும் கண்டிக்க வேண்டும். இந்தியாவில் முஸ்லிம்களின் வீடுகளை இடித்ததன் அடையாளமாகிவிட்ட இயந்திரம் அது. நடத்தியவர்கள் பின்னர் வருத்தம் தெரிவித்தார்கள். ஊர்ச் சண்டையை இங்கே கொண்டுவந்து பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தைப் பயமுறுத்துவது வழிபாட்டு உரிமையில் சேராது.

2023 டிசம்பரில் அயோவாவில் தமிழ் வம்சாவளி அதிபர் வேட்பாளர் விவேக் ராமசாமியிடம் அவருடைய இந்து மதத்தைக் குறித்துக் கேள்வி எழுந்தது. அவரது கொள்கைகள் பலவற்றில் எங்களுக்கு மாறுபாடு உண்டு. அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருக்கக் கூடாது என்பதில் மாறுபாடு இல்லை.

ஆகவே, நாங்கள் நடத்தும் வேட்பாளர் கூட்டங்களில் மதத்தைப் பற்றிக் கேட்க மாட்டோம். கேட்க முயல்பவரை நிறுத்துவோம். மதத்தைக் காரணம் காட்டி எந்தச் சட்டத்தையாவது முன்வைக்கும் வேட்பாளரிடம் அந்தச் சட்டத்தைப் பற்றித் தயங்காமல் கேட்போம். வரிவிலக்குப் பெற்ற சமய, அற அமைப்புகள் வேட்பாளருக்காகப் பிரசாரம் செய்யக் கூடாது என்பது 1954லிருந்து சட்டம். வழிபாட்டின்போது சொந்தச் சபையாரிடம் பேசுவது அதில் அடங்காது என்று 2025ல் வரித் துறையான ஐ.ஆர்.எஸ். நீதிமன்றத்தில் ஒரு விளக்கம் தந்தது. அந்தத் தளர்வைப் பயன்படுத்த வேண்டாம் என்று நம் கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். தேர்தலுக்கு முந்தைய வாரம் அர்ச்சனைச் சீட்டோடு வேட்பாளரின் துண்டறிக்கை வந்தால், வேறு கட்சிக்கு வாக்களிக்கும் பக்தர் எங்கே போவார்?

2012ல் விஸ்கான்சினின் ஓக் கிரீக் குருத்வாராவில் ஆறு பேரும், 2015ல் சார்ல்ஸ்டனில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் ஒன்பது பேரும், 2018ல் பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் பதினொரு பேரும் கொல்லப்பட்டார்கள். வழிபாட்டிடங்களுக்குக் காவல் ஏற்பாடு செய்ய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நிதி வழங்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் நீளமானது, வழக்கறிஞரோ கணக்கரோ இல்லாத சிறிய கோயிலும் சிறிய பள்ளிவாசலும் பாதியில் விட்டுவிடுகின்றன. எந்த மதத்தவரானாலும், அந்த விண்ணப்பத்தை நிரப்பித் தர எங்கள் உறுப்பினர்கள் கட்டணமின்றி உட்கார்ந்து உதவுவார்கள்.